பிரான்சைச் சுற்றிய ஜூலைக் காலைகள்

நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் ஒரே கூட்டமாகப் போகும்போது எழும் சத்தம் வண்டிச் சத்தம் மாதிரியே இருக்காது. காய்ந்த சோளத்தட்டுக்குள் காற்று புகுந்தது போல இருக்கும் என்பார் அப்பா. சோளக்காட்டைப் பார்த்தறியாத எனக்கு அது சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தமாகத்தான் பட்டது. ஜூலை மாதம் முழுக்க, சன்னிவேலில் இன்னும் வெயில் ஏறாத ஐந்தரை மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டாத அளவுக்குக் குறைத்து வைத்த டிவியிலிருந்து அந்தச் சத்தம் வரும். நான் போர்வையோடு எழுந்து ஹாலுக்குப் போவேன். அங்கே கார்ப்பெட்டில் சம்மணமிட்டு அப்பாவும் ஜெயராஜ் அங்கிளும் உட்கார்ந்திருப்பார்கள்; நடுவில் காபி டம்ளர்களும், அங்கிள் வாங்கி வந்த நீள ரொட்டியும், அதன் உடைந்த பொருக்கும் கிடக்கும்.

அப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். கோயம்புத்தூரில் படித்து, விசா வாங்கி, அம்மாவையும் இரண்டு வயதான என்னையும் அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்தவர். எல் கமினோ சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மரத்தால் கட்டிய இரண்டு மாடி அபார்ட்மெண்டுகள் வரிசையாக இருந்தன; அதில் பாதிக்கு மேல் நம்மவர்கள். எதிர் வரிசையில் மேல் மாடியில் ஜெயராஜ் அங்கிளும் ஸ்டெல்லா ஆன்ட்டியும் இருந்தார்கள். அங்கே உறவில்லாத பெரியவர்கள் எல்லாருமே அங்கிள், ஆன்ட்டி என்றாலும், என் மனதில் அந்தச் சொற்கள் இவர்கள் இருவருக்கு மட்டுமே சொந்தமாக இருந்தன. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அம்மாவும் அப்பாவும் வர முடியாத பள்ளிக்கூட நிகழ்ச்சிகளுக்கு ஆன்ட்டிதான் வருவார். அங்கிள் என்னைப் 'பெத்தீத்' என்று கூப்பிடுவார். பிரெஞ்சு மொழியில் குட்டிப்பெண் என்று அர்த்தமாம்.

அங்கிளுக்குக் காரைக்கால். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை அந்த ஊரில் 'சொல்தா' என்பார்களாம். பட்டாள வேலையின் கடைசி ஆண்டுகளில் பிரான்சின் தெற்கு எல்லையில், மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஊரில் குடும்பத்தோடு இருந்திருக்கிறார்கள். அதனால் அங்கிளிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. அப்பாவும் அவரும் ஒரே கம்பெனி, ஒரே டீம்; அப்பா டீமுக்கு லீடு. ஆனால் ஜூலை மாதக் காலைகளில் லீடு அங்கிள்தான்.

உலகம் டூர் டி பிரான்ஸ் என்று சொல்லும் அந்தப் பந்தயத்தை அவர் வெறுமனே 'தூர்' என்பார். "எங்க ஊர்ல தூர்ன்னா கிணத்துல எடுக்கறதுங்க" என்று அப்பா ஒவ்வொரு வருஷமும் அதே கேலியைச் செய்வார். அங்கிளும் அதை முதல் தடவை கேட்பது போலவே சிரிப்பார். அவர் சொல்லித்தான் எங்களுக்கு எல்லாம் தெரியும். ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய பந்தயம் அது. நூறு ஆண்டுகளுக்கு முன்னால், தார் போடாத சாலைகளில், இருட்டிலும் மழையிலும், உதிரி டயரைத் தோளில் மாலையாகச் சுற்றிக்கொண்டு நாட்டையே சுற்றி ஓட்டினார்கள். முன்னால் நிற்பவன் போடும் மஞ்சள் சட்டை உலகமெங்கும் பேர் பெற்றது. அந்த மஞ்சள், பத்திரிகை அச்சான மலிவுக் காகிதத்தின் நிறம். இரண்டாவது தடவையே முதல் இடங்களைப் பிடித்தவர்களின் வெற்றியை ரத்து செய்துவிட்டார்கள். அவர்களில் சிலர் பாதி வழி ரயிலில் போய்விட்டதாகப் பேச்சு. இதைச் சொல்லும்போது அங்கிளுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு வரும்.

இன்னொரு கதையை மட்டும் சிரிக்காமல் சொல்வார். மலையிலிருந்து இறங்கும்போது ஒருவருடைய சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்துவிட்டது. யாரும் யாருக்கும் உதவக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நடந்து கீழே ஒரு கிராமத்துக்குப் போய், கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சித் தானே அடித்துச் சரிசெய்தார். பந்தயத்து அதிகாரிகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள். எதற்கு என்றால், இரண்டு கையும் வேலையாக இருந்ததால் துருத்தியை மட்டும் வேறொருவரை ஊத விட்டாராம்.

"அநியாயமா இருக்குதுங்களே" என்பார் அப்பா.

"சட்டம் சட்டம்தான், மணி" என்பார் அங்கிள். அப்பாவின் பெயர் சுப்பிரமணி. "ஆனா அந்த வருஷம் யார் ஜெயிச்சாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. பட்டறையில நின்னவரைத்தான் இன்னைக்கும் பேசறாங்க."

பிரெஞ்சுக்காரர்களுக்கு அது விளையாட்டு மட்டும் இல்லை என்று அவர் சொன்னதை நான் டிவியிலேயே பார்த்தேன். ஹெலிகாப்டர் மேலிருந்து காட்டும். வைக்கோல் கட்டுகளை அடுக்கி, டிராக்டர்களைச் சுற்றி ஓட்டி, தங்கள் வயலில் பெரிய சைக்கிள் சித்திரம் செய்திருப்பார்கள் விவசாயிகள். ஒவ்வொரு ஊரும் தன் சர்ச்சுக் கோபுரத்தையும் பாலத்தையும் காட்டிக்கொள்ள வருஷத்துக்கு ஒரு நாள் அது. டிக்கெட் கிடையாது, சாலையோரம் வந்து நின்றால் போதும். இரண்டு உலகப் போர்களின்போது நின்று போய், பின்பு இடிந்த ஊர்கள் வழியாகவே மறுபடியும் ஓடிய பந்தயம். அங்கிள் சின்ன வயதில் தன் அப்பாவோடு மலைப்பாதையில் காலையிலிருந்து காத்து நின்றிருக்கிறார். பந்தயத்துக்கு முன்னால் வரும் விளம்பர வண்டிகள் மிட்டாய் வீசும். வெயில் தாங்காமல் நின்றவர்களை ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் குடைக்குள் கூப்பிட்டுக்கொண்டாளாம். அவர்கள் கண் முன்னால் பந்தயம் கடந்து போனது சில நொடிகள்தான்.

"அந்த ஒரு நாள் மட்டும் எங்கள யாரும் எந்த ஊருன்னு கேக்கல" என்று அவர் சொன்னார். அப்பா அவருடைய டம்ளரில் காபி ஊற்றினார்.

அப்பாவைப் பொறுத்தவரை சைக்கிள் என்பது காலேஜுக்குப் போக வேறு வழி இல்லாமல் மிதித்தது. பைக் வாங்கியதும் மறந்துபோனது. அங்கிளோடு சேர்ந்த பிறகு அவர் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சரடோகாவுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சாலையில் ஏறுவார்கள். வளைவுகளில் அங்கிள் முன்னால் போய் அப்பாவுக்குக் காற்று மறைத்து ஓட்டுவாராம். திரும்பி வந்ததும் இருவரும் வேர்த்து விறுவிறுத்து வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். "ரெண்டு பேரு கால்சட்டையையும் பாரு கண்ணு, சர்க்கஸ்ல இருந்து ஓடி வந்தவங்களாட்ட" என்று அம்மா என்னிடம் சொல்வாள். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆள் குறைத்துக்கொண்டிருந்தன. பள்ளி மூடும் முன்பே என் பக்கத்து இருக்கைகள் காலியாகியிருந்தன. அபார்ட்மெண்டின் குப்பைத்தொட்டி ஓரத்தில் நல்ல சோபாக்களும் மெத்தைகளும் கிடந்தன. விமான நிலையத்து பார்க்கிங்கில் காரை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று யார் யாரையோ பற்றிப் பேசிக்கொண்டார்கள். 'லே-ஆஃப்' என்ற சொல்லை, வீட்டில் வியாதியின் பெயரைச் சொல்வது போல, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். வேலை போனால் விசாவும் போயிற்று. சம்பளம் நின்ற அன்றே இந்த நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காண ஆரம்பித்துவிடும். எங்கள் கிரீன் கார்டு வேலை பாதியில் இருந்தது. அங்கிளுடையதும் அப்படித்தான். ஸ்டெல்லா ஆன்ட்டி நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு செமஸ்டர் பாக்கி.

பந்தயம் மலைகளை எட்டிய வாரத்தில் ஒரு நாள் காலை. ஒரு வளைவில் முன்னணி வீரர் ஒருவர் சறுக்கி விழுந்தார். அவரைத் துரத்திக்கொண்டிருந்தவர்கள் அதைச் சாக்காக வைத்துப் பறந்துவிடவில்லை. வேகத்தைக் குறைத்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவர் எழுந்து வந்து சேரும்வரை மெதுவாக மிதித்தார்கள். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம் என்று அங்கிள் சொன்னார். அப்பா கைதட்டினார். நான் ரொட்டியின் பொருக்கைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அங்கிள், டிவியைப் பார்த்தபடியே, சாதாரணமாகக் கேட்டார்.

"மணி, ஒண்ணு கேக்கணும். நியூ ஜெர்சியில ஒரு ஆஃபர் வந்திருக்கு. பிஸ்கட்டவேல ஒரு மருந்து கம்பெனி. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

அப்பா ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தார்.

"ஸ்டெல்லாவுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு. அங்க போனா இந்த கிரெடிட் எல்லாம் எடுத்துப்பாங்களான்னு தெரியல. நம்ம டீம்ல பிரச்சனை ஒண்ணும் இல்லன்னா நான் பாட்டுக்கு இங்கயே இருந்துடுவேன். நீங்க லீடு, உங்களுக்குத் தெரியும். போகட்டுமா, இருக்கட்டுமா?"

அப்பா டம்ளரை எடுத்தார். அதில் காபி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. காலி டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பது போலச் செய்துவிட்டுக் கீழே வைத்தார்.

"உங்க இஷ்டமுங்க" என்றார். பிறகு, "ஸ்டெல்லாவோட படிப்பையும் பாக்கோணுமில்லீங்க" என்றார்.

"அதான் நானும் நினைச்சேன்" என்று அங்கிள் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே நியூ ஜெர்சிக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பந்தயத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பாரிஸுக்குள் நுழையும் அந்த நாளில் முதல் இடத்துக்குச் சண்டை கிடையாது. மஞ்சள் சட்டைக்காரர் சைக்கிள் மேலேயே ஷாம்பெயின் குடிப்பார், பக்கத்தில் வருபவர்கள் தோளில் தட்டுவார்கள். எப்போதும் அங்கிள் அன்றைக்கு ஓயாமல் பேசுவார். அந்த வருஷம் அவர் அதிகம் பேசவில்லை. அப்பாதான் பேசினார், சைக்கிளின் எடை, சக்கரத்தின் விலை, அடுத்த வருஷம் நாங்கள் மூன்று பேரும் நேரில் போய்ப் பார்க்கலாம் என்பது வரைக்கும். பந்தயம் முடிந்து, பாட்டுப் போட்டு, எல்லாரும் மேடையில் ஏறி இறங்கிய பிறகும் அங்கிள் எழுந்திருக்கவில்லை. விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ரொட்டிக் கவரை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் நீச்சல் குளத்தின் ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது அவர் காரிலிருந்து இறங்கினார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்கு மேல், அவர் ஆபீஸ் மேசையில் வைத்திருந்த சின்ன இரும்புச் சைக்கிள் பொம்மை தெரிந்தது. ஹாய் அங்கிள் என்று நான் கத்தினேன். அவர் பெட்டியை இடுப்பில் அணைத்து ஒரு கையை விடுவித்துக்கொண்டு எனக்குக் கையாட்டினார்.

மறுநாள் ஸ்டெல்லா ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் இரவல் வாங்கிய பிரஷர் குக்கரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். ஊருக்குக் கிளம்புகிறவர்கள்தான் இரவல் சாமான்களை அவ்வளவு பளபளப்பாகத் திருப்பித் தருவார்கள் என்பது அந்தக் கோடையில் எங்கள் எல்லாருக்குமே தெரிந்திருந்தது.

"அக்கா, நான் சண்டை போட வரல" என்றார் அவர், உட்காராமல். "மேனேஜர் இவங்ககிட்ட சொல்லிட்டாராம். வேலைய விட்டு எடுக்க டீம்ல ஒரு பேரு குடுங்கன்னு ஜூன்லயே கேட்டிருக்காங்க. அண்ணன்தான் இவங்க பேரக் குடுத்தாங்களாம்."

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"அதுகூட பரவால்லக்கா. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு, யாராவது ஒருத்தர் பேரக் குடுத்துத்தான் ஆகணும். ஆனா நியூ ஜெர்சி போகட்டுமான்னு இவங்க கேட்டப்ப, தெரிஞ்சுகிட்டே, என் படிப்பச் சொல்லி இருக்க வச்சாங்களே. என் படிப்ப ஏங்க்கா அதுல இழுத்தாங்க?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆன்ட்டியின் கையைப் பிடித்தாள். ஆன்ட்டி கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ளவும் இல்லை. குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருந்ததால் புதிது போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் அப்பா ஷூவைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டாள்.

"ஏனுங்க, நெசமாலுமே நீங்கதான் பேரு குடுத்தீங்களா?"

அப்பா ஷூ லேஸைப் பிடித்தபடி அப்படியே குனிந்திருந்தார். "யாரு பேராச்சும் குடுக்கோணும். குடுக்காட்டி என்ற பேரு போயிருக்கும்."

"டீம்ல அத்தனை பேரு இருக்காங்கல்ல?"

"அவருக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்குது. எங்க வேணாலும் போய்ப் பொழைச்சுக்குவாரு. நாம எங்க போறது? பொள்ளாச்சியில போய் என்ன பண்றது?"

"பொழைச்சுக்குவாருன்னு நீங்களே முடிவு பண்ணிப்போட்டீங்களா?" அம்மாவின் குரல் உயரவில்லை. "சரி, குடுத்தீங்க. தினமும் வந்து இந்தக் கார்ப்பெட்டுல உக்காந்தாரே. அந்த வேலைக்குப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரும் போயிருப்போம்."

"போங்கன்னு சொன்னா எப்படீங்க வெளிய தெரியும்? காரணமா கேட்டாரு அவரு?"

அப்பா ஷூவைக் கழற்றாமலே படுக்கையறைக்குப் போனார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அப்பா காலி டம்ளரைக் குடித்தது ஏன் என்பது மட்டும் அந்த நிமிஷத்தில் முழுசாகப் புரிந்துவிட்டது. புரிந்திருக்க வேண்டாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

ஆகஸ்டில் அவர்கள் பிரான்சுக்குக் கிளம்பினார்கள். அப்பா படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மாவும் நானும் கார் அருகே போய் நின்றோம். அங்கிள் அம்மாவிடம் வழக்கம் போலவே பேசினார். தூரில் எல்லாருக்கும் பின்னால் ஒரு வேன் வருமாம். முடியாமல் நின்றுவிட்டவர்களை ஏற்றிக்கொள்வதற்கு. முன்பெல்லாம் அதன் மேல் ஒரு துடைப்பத்தையே கட்டி வைத்திருப்பார்களாம். "எங்களையும் கூட்டி அள்ள வந்துடுச்சும்மா" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா அழுதாள். ஸ்டெல்லா ஆன்ட்டி முன்சீட்டில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அங்கிள் தன் ரேஸ் சைக்கிளை எங்கள் படிக்கட்டின் கீழே, அப்பாவுடையதற்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கோபத்தில் செய்தாரா, பிரியத்தில் செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அதைத் தொடவேயில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து துருப்பிடித்த பிறகு அபார்ட்மெண்ட்காரர்கள் எடுத்துப்போனார்கள்.

அடுத்த ஜூலையில் எங்கள் ஹாலில் டிவி ஓடவில்லை. அதற்கடுத்த ஜூலையிலும் இல்லை. சில ஆண்டுகளில் எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தது. இனிப்பு வாங்கி எல்லார் வீட்டுக்கும் கொடுத்தோம். கலிபோர்னியாவிலேயே டப்ளின் என்ற ஊரில் வீடு வாங்கினோம். நான் நல்ல பள்ளியில் படித்தேன், நல்ல காலேஜுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர் என்று என்னிடம் சொல்வார்கள். நான் ஆமாம் என்பேன். என் அறைக்கும் என் படிப்புக்கும் அடியில் வேறு யாருடைய செமஸ்டரோ கிடப்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நான் காலேஜ் முடிக்கப் போகும் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. அந்த ஆண்டுகளில் மஞ்சள் சட்டை போட்டு வென்ற அமெரிக்கர் ஊக்க மருந்து எடுத்துத்தான் வென்றார் என்று நிரூபணமாகி, பட்டங்கள் எல்லாவற்றையும் பறித்துவிட்டார்கள். வேறு யாருக்கும் அவற்றைக் கொடுக்கவும் இல்லை. இரண்டாவதாக வந்தவர்களில் பலர் மீதும் அதே கறை. பந்தயத்தின் வரலாற்றில் அந்த ஆண்டுகளுக்கு நேரே இன்று வெற்றியாளர் பெயரே கிடையாது. ஒரு பொங்கல் விழாவில் எல்லாரும் தட்டை ஏந்தியபடி அதைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேரை ஏமாற்றினான், கூட இருந்தவர்களையே எப்படி மிரட்டினான் என்றார்கள். அப்பா மட்டும், "எல்லாரும் எடுத்துட்டு இருக்கறப்ப அவன் ஒருத்தன் என்ன பண்ணுவான்?" என்றார். அம்மா சின்னதாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக நான் தெற்குப் பிரான்சுக்குப் போக வேண்டி வந்தது. ஸ்டெல்லா ஆன்ட்டியை இணையத்தில் தேடினேன். இரண்டே நாளில் பதில் எழுதினார். அவர்கள் அங்கிளின் அப்பா முன்பு இருந்த அதே மலையடிவாரத்து ஊரில் இருந்தார்கள். ஆன்ட்டி நர்ஸ் ஆகவில்லை. மொழி தெரியாமல், படிப்பை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லாமல், வயதானவர்களை வீட்டில் போய்க் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கும் வேலைக்குப் போய், அதிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. எனக்கு மீன் குழம்பு வைத்திருந்தார். அம்மாவைப் பற்றிக் கேட்டார், நிறையக் கேட்டார். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் தூர் அந்தப் பக்கம் வந்தது. அங்கிள் மடக்கு நாற்காலிகளோடு என்னை மலைப்பாதைக்கு அழைத்துப் போனார். நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் மெதுவாக நடந்தார். சாலையில் யார் யாருடைய பெயரையோ வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த குடும்பம் எங்களுக்குத் தர்பூசணி வெட்டிக் கொடுத்தது. காத்திருந்த நேரத்தில், என்னால் அடக்க முடியாமல், நான் அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். தமிழில் தொடங்கி, பாதியில் இங்கிலீஷுக்குப் போய்விட்டேன்.

அவர் நான் முடிக்கும்வரை கேட்டார்.

"மேனேஜர் எனக்கு சனிக்கிழமையே போன் பண்ணிட்டாரும்மா. மனசு கேக்கல போல. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உடனே அந்த நியூ ஜெர்சிக்காரங்களுக்கு போன் அடிச்சேன், வேற ஆள் எடுத்துட்டோம்னாங்க. ஸ்டெல்லாகிட்ட சொல்லல."

"சனிக்கிழமையா? ஆனா சண்டே நீங்க வீட்டுக்கு வந்தீங்களே அங்கிள்."

"வந்தேன்." கீழே வளைவில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் தெரிய ஆரம்பித்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மணி அவராவே சொல்லுவாருன்னு வந்தேன். சொன்னா, பரவால்ல விடுங்கன்னு சொல்லிடணும்னு வழியெல்லாம் நினைச்சுகிட்டே வந்தேன். முடிஞ்சு விளம்பரம் போடற வரைக்கும் உக்காந்து பாத்தேன். அவரு சக்கரத்தோட விலையப் பேசிகிட்டு இருந்தாரு."

பிறகு எல்லாரும் எழுந்து கத்த ஆரம்பித்தார்கள். கூட்டம் வந்தது, போனது. என் கண்ணில் ஒரு முகமும் நிற்கவில்லை.

கலிபோர்னியாவுக்குத் திரும்பியதும் டப்ளினுக்குப் போய் அப்பாவிடம் அங்கிள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் ரிடயர் ஆகிவிட்டார். கராஜில் ஏதோ அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "தலை நரைச்சிருச்சுங்களா அவருக்கு?" என்று கேட்டார், நான் ஏதோ மூன்றாம் மனுஷி போல, என்னிடமே 'ங்க' போட்டு. ஆமாம் என்றேன். அங்கிளின் நம்பரை அவருடைய போனில் நானே போட்டுக் கொடுத்தேன். பண்றேன் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் பண்ணினீங்களா என்று கேட்டேன். அங்க இப்ப ராத்திரியா இருக்கும் என்பார். அங்கே பகலாக இருந்த நேரத்திலும் அதையே சொன்னார்.

இந்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு ஸ்டெல்லா ஆன்ட்டியிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. அங்கிள் காலையில் ரொட்டி வாங்கப் போன இடத்தில், கடை வாசலிலேயே விழுந்துவிட்டார். அடக்கம் முடிந்துவிட்டது.

நான் நேரில் போய்த்தான் சொன்னேன். அம்மா என் போனை வாங்கி ஆன்ட்டி எழுதியதைப் படித்தாள். அப்பா தன் போனை எடுத்து அந்த நம்பரைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"பண்ணலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

"எப்பப்பா?"

"இந்த ஜூலையில."

அம்மா உள்ளே போய்விட்டாள்.

சன்னிவேலில் நாங்கள் இருந்த அந்த மர அபார்ட்மெண்டுகளை இடித்து நாளாயிற்று. அந்த இடத்தில் இப்போது கண்ணாடி பதித்த ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறது. கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள்தான். ஆள் குறைப்பு என்ற பேச்சு மறுபடியும் வந்திருப்பதால் அவர்களும் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொள்கிறார்கள். நீச்சல் குளம் இல்லை, படிக்கட்டு இல்லை, எதிர் வரிசை இல்லை. தூர் இந்த ஜூலையிலும் நடந்து முடிந்தது. யார் வென்றார் என்று எனக்குத் தெரியாது. அப்பாவும் கேட்கவில்லை.